கேடு மைக்

"தம்பி, ஒங்க மைக் கேடாயிட்டு, பாத்துக்கிடுங்க."

சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சி இதைச் சொல்லி ஏழெட்டு வருஷம் இருக்கும். திட்டவில்லை, நக்கலடிக்கவில்லை, சும்மா சொன்னார். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் எதுவும் பழுதாவதில்லை, கேடாகத்தான் செய்யும். மிக்ஸி கேடாகும், பைக் கேடாகும், மூடாமல் வைத்த மீன்குழம்பு கேடாகும். அந்த வரிசையில் என் மைக்கையும் சேர்த்துவிட்டு அவர் அடுத்த கேபிளைச் சுற்றப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த வார்த்தை இறங்கவில்லை. ஏனென்றால் அந்த மைக் கேடாகவே இல்லை. அது அப்படித்தான் கேட்கும். அப்படிக் கேட்கும் என்பதற்காகவே சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கினேன். இதை அந்த இடத்திலேயே அவருக்கு எப்படிப் புரிய வைத்திருக்கலாம் என்று தூக்கம் வராத பல ராத்திரிகளில் வசனம் எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூடச் சரியாக வந்ததில்லை.

நடந்தது ஒரு கடற்கரை ஊரில். மணக்குடிக்கும் முட்டத்துக்கும் இடையில் என்று மட்டும் சொல்கிறேன். ஊர்ப் பெயரைப் போட்டால் விழாக் கமிட்டிக்காரர் யாராவது படித்துவிட்டு எனக்குப் போன் அடிப்பார். பத்து நாள் திருவிழாவில் அன்றைக்கு எட்டாம் திருவிழா. மாலைத் திருப்பலி முடிந்ததும் இன்னிசை. குழு என் மனைவியின் தம்பியுடையது, அவன்தான் கீபோர்டு. "அத்தான், ரெண்டு பாட்டுக்கு நீங்க மவுத் ஆர்கன் ஊதுங்க" என்று இடம் கொடுத்தான். மூன்று மாதம் தயாரானேன். பாட்டுக்கு ஒரு வாரம் போதும். மிச்ச நாளெல்லாம் பெட்டிகளுக்குத்தான் போனது. ஆப்பிள் பெட்டியின் பலகையை அறுத்து, தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, அதில் கிட்டார்காரர்கள் காலால் மிதிக்கும் பெடல்கள் மூன்றை ஒட்டி வைத்திருந்தேன். சத்தத்தை உறும வைக்க ஓவர்டிரைவ், எதிரொலி மாதிரித் திரும்பச் சொல்ல டிலே, பெரிய கூடத்தில் கேட்பதுபோல முழங்க ரிவெர்ப். மேடைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு சிறுவன், "மாமா, இது என்ன வெடியா?" என்று கேட்டான். அவன் வாயில் சர்க்கரை போடலாம் என்று பிற்பாடு தோன்றியது.

மைக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷ்யூர் 520டிஎக்ஸ். உலகம் முழுக்க அதற்குப் பச்சை புல்லட் என்று பெயர். புல்லட்டைவிடப் பச்சை மாங்காய்க்குத்தான் சாயல் அதிகம். ஸ்டாண்டில் மாட்டி யாரும் பார்த்ததில்லை. மவுத் ஆர்கனோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திப் பிடிக்க வேண்டும். அடியில் ஒரு வால்யூம் குமிழ், அதிலிருந்து பிரிக்க முடியாத 20 அடி கேபிள், முனையில் கிட்டாருக்கு வருகிற அதே ஜாக் பின். சத்தத்தை ஹெர்ட்ஸில் அளப்பார்கள், எண் கூடினால் கூர்மை. நூறு ஹெர்ட்ஸில் தொடங்கி 5,000 ஹெர்ட்ஸோடு அதன் காது அடைத்துவிடும். பாடகர்கள் பிடிக்கும் மைக் 15,000 வரை கேட்கும்போது இது மூன்றில் ஒரு பங்கில் நின்றுவிடுகிறது. ஆக, அண்ணாச்சியின் கணக்குப்படி அது பிறவியிலேயே கேடு.

இந்தக் கேட்டுக்கு நான் அடிமையான கதை சின்னது. எங்கள் வீட்டில் முதல் மவுத் ஆர்கன் சித்தப்பா கல்ஃபிலிருந்து கொண்டுவந்தது, ஹோனர். ஜெர்மனியின் டிராஸிங்கன் ஊரில் 1857-இல் தொடங்கிய கம்பெனி. கல்லூரி நாள் வரைக்கும் எல்லாரையும் போல நானும் ஸ்டாண்ட் மைக் முன்னால் நின்று, கையைப் படபடவென்று விரித்து மூடி, பழைய மெலடிகளை ஊதிக் கைதட்டு வாங்கினேன். அப்புறம் ஒருநாள் லிட்டில் வால்டரைக் கேட்டேன். 1930-இல் பிறந்து 1968-இல் செத்துப்போன அமெரிக்க மவுத் ஆர்கன்காரர். சிகாகோவில் கிட்டார்களும் டிரம்மும் மவுத் ஆர்கனை அமுக்கிவிடுகிற சத்தத்துக்கு நடுவே, அறிவிப்புக்குப் பயன்படும் மாதிரி மலிவான மைக் ஒன்றைக் கைக்குள் பொத்தி, ஆம்ப்ளிஃபயரைத் திணறத் திணற வைத்து வாசித்தவர். சட்டைப்பைக்குள் போடுகிற வாத்தியம் சாக்ஸபோன் மாதிரி உறுமியது. அன்றிலிருந்து சுத்தமான மவுத் ஆர்கன் சத்தம் எனக்கு உப்பில்லாக் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது.

உப்பு செய்த வேலை

உப்பு என்றதும் இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. பச்சை புல்லட்டுக்கு முன்னால் என்னிடம் வேறொரு புல்லட் இருந்தது. அஸ்டாட்டிக் ஜேடி-30, அமெரிக்காவிலிருந்து ஒரு நண்பன் பழசாக வாங்கி வந்தது. அதன் இதயம் ஒரு படிகம். ரோஷெல் உப்பு என்பார்கள். பொட்டாசியமும் சோடியமும் சேர்ந்த டார்ட்ரேட் உப்பு. அழுத்தினால் மின்சாரம் தரும். காந்தமும் வேண்டாம், சுருளும் வேண்டாம். ஆனால் உப்பு உப்புதானே. சூடும் ஆகாது, ஈரமும் ஆகாது. அப்போது நாங்கள் ராஜாக்கமங்கலம் பக்கம் வாடகைக்கு இருந்தோம். வாசலில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். ஜன்னல் கம்பி ஆறு மாதத்தில் துரு ஏறும், சுவிட்சு போர்டு ஆணி பூத்துவிடும். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டு மழையையும் அந்த மைக் பார்த்தது. முதல் மழைக்குச் சத்தம் மெலிந்தது. இரண்டாவதில் ஜலதோஷம் பிடித்த கொசு மாதிரி ஆகி, கார்த்திகையில் நின்றேவிட்டது. மேகம் கறுக்கும்போது புத்தளத்து உப்பளக்காரர்கள் பாத்தியைப் பார்க்கும் பார்வை தெரியுமா? நான் அந்த மைக்கை அப்படித்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றிப் பார்த்த கடைக்காரர், "இதுக்குள்ள ஒண்ணும் இல்லியே" என்று திருப்பித் தந்தார். அடுத்ததாகக் காந்தமும் சுருளும் உள்ள பச்சை புல்லட்டை வாங்கியதற்கு இதுதான் காரணம். தொனியில் படிகத்துக்குக் கொஞ்சம் கீழே என்று தேர்ந்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் கடற்கரையில் குடியிருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

மடை

சரி, எட்டாம் திருவிழா. நாலு மணிக்குச் சவுண்ட் செக். என் பலகையைப் பார்த்ததுமே அண்ணாச்சிக்கு ஒவ்வவில்லை. "மொதல்ல இந்தப் பெட்டியெல்லாம் வேண்டாம், மைக்க மட்டும் நேரா குத்துங்க, பாப்போம்" என்றார். நியாயமான பேச்சு. நாற்பது வருஷத் தொழில்காரர் அப்படித்தான் ஆரம்பிப்பார். அவரே ஒரு மாற்றுக் கேபிளை எடுத்து என் ஜாக்கை மேடைப் பெட்டியின் மூன்று கால் மைக் துளையில் கொண்டுசேர்த்தார். நான் ஊதினேன். பாயைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு ஒருவன் பக்கத்துத் தெருவில் பாடுவதுபோல ஏதோ வந்தது. அவர் சத்தத்தைப் பெருக்கும் கெயினைத் திருப்பினார். இரைச்சல் வந்தது. இன்னும் திருப்பினார். சீரியல் லைட்டின் "ஙீ" வந்தது. நான் மட்டும் வரவில்லை. அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

பின்னைப் பொருத்திவிட்டால் பொருந்திவிட்டது என்று நினைப்பதுதான் இங்கே எல்லாரும் விழுகிற குழி. அன்றைக்கு நானும் பாதிதான் தெரிந்து வைத்திருந்தேன். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கச் சிரமமில்லை. சின்ன ஓடை ஒன்று இருக்கிறது. தண்ணீர் கொஞ்சம்தான், ஆனால் வரப்புப் போட்டுத் தேக்கினால் முழங்கால் மட்டம் நிற்கும். சிறுசாக மடையைத் திறந்தால் மட்டம் அப்படியே இருக்கும், வயலுக்கும் பாயும். பெரிய மடையைத் திறந்து விட்டால்? மட்டம் கணுக்காலுக்கு இறங்கிவிடும். கடைமடைக்கு ஒரு சொட்டும் போகாது. என் மைக் அந்த ஓடை. மின்னோட்டத்துக்கு உள்ள தடை, அதாவது ஓம் கணக்கில் அளக்கும் இம்பீடன்ஸ், அதிகம், கொடுக்கும் மின்னோட்டம் சொற்பம். அதற்குப் பத்து லட்சம் ஓம் அளவில், அதாவது ஒரு மெகா ஓம் போல, சின்ன மடை வேண்டும். மிக்ஸரின் மைக் துளை சுமார் 2,000 ஓம். மடை இல்லை அது, உடைப்பு. பாடகர்களின் மைக்குகள் 150, 300 ஓம் என்று ஆறு மாதிரி வருகின்றன, அவற்றுக்கு அது பொருந்தும். என்னுடையது அதில் வற்றிப்போகும். வற்றும்போது சும்மாவும் வற்றாது. சுருள் உள்ள மைக் என்றால் முதலில் கூர்மையெல்லாம் போய் மந்தமாகும். படிக மைக்காக இருந்திருந்தால் நேரெதிராக அடிச்சத்தம் போய்ச் சீழ்க்கை மாதிரி ஆகியிருக்கும். அண்ணாச்சி கேட்ட பாய்ச்சுருட்டல் மைக்கின் நோய் இல்லை, கல்யாணப் பொருத்தம் இல்லாத கோளாறு.

கிட்டார் பெடலின் நுழைவாய் ஐந்து லட்சம், பத்து லட்சம் ஓம் என்று இருக்கும். அதனால் பெடல் வழியாகப் போனால் மைக் உயிர்பெறும். பெற்றது. "இப்ப கேக்குதா?" என்று பலகையை இணைத்து ஊதினேன். மூன்று பெட்டி ஸ்பீக்கரும் அதிர, பின்வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் சத்தத்தில் ஒரு வண்டு இருந்தது. வீட்டில் ஹெட்போனில் உறுமல் மாதிரிக் கேட்டது இங்கே தகரத்தை அரம் கொண்டு ராவுவதுபோல. இதற்கும் காரணம் உண்டு. ஓவர்டிரைவ் சத்தத்தை உடைத்து மேலே மேலே கிளைகள் விடும். சிகாகோக்காரர்களின் ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கர் ஐந்தாறு ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பெரிதாகத் தராது. அந்தக் கிளைகளை அது தானாகவே கவாத்து செய்துவிடும். மேடை ஸ்பீக்கரில் கூர்மையான சத்தத்துக்கென்றே ட்வீட்டர் உண்டு, அது ஒன்றையும் விடாமல் ஊருக்குச் சொல்லும். அதற்கு ஸ்பீக்கரைப் போலவே நடிக்கும் பெடல் ஒன்று கடைசியில் வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பெடலிலிருந்து மிக்ஸருக்கு டிஐ பாக்ஸ் என்கிற இணைப்புப் பெட்டி வைத்துப் போக வேண்டும் என்பது தெரியும், ஆனால் வாங்கவில்லை. ரிவெர்ப் வாங்கியிருந்தேன். கல்யாண வீட்டுக்குப் புதுச்சட்டை எடுத்துவிட்டுச் செருப்பை மறந்தவன் கதைதான்.

ஊளை

முதல் பாட்டு மாதா பாட்டு. அதை முழுதாக விவரிக்க வேண்டாம், திருவிழா பார்த்த எல்லாருக்கும் அந்த ஊளை தெரியும். ஆனால் ஒரு விஷயம் மட்டும் அன்றைக்குத்தான் கவனித்தேன், அதைச் சொல்ல வேண்டும். நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஊளை வரவில்லை. வாயை எடுத்ததும் வந்தது. பல்லவி முடித்து மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினால் "ஊஊ" என்று ஸ்பீக்கர் எனக்குப் பதிலாகப் பாடத் தொடங்கியது. திரும்ப ஊதினால் அடங்கியது. ஓவர்டிரைவின் குணம் அது. பலமான சத்தத்தை அமுக்கி, மெலிந்த சத்தத்தைத் தூக்கிவிடும். நான் சும்மா இருக்கும்போதுதான் அதற்குக் காது மிகக் கூர்மை. எதிரே வாசிப்பவர் பக்கம் திருப்பி வைத்த மானிட்டர் ஸ்பீக்கர் முனகுவதுகூட அதற்குப் பிரசங்கம். மைக்கின் அடியில் இருந்த குமிழை இடைவெளிதோறும் சுண்டுவிரலால் குறைத்திருக்க வேண்டும். குமிழை வைத்ததே அதற்குத்தான். எனக்கோ சுண்டுவிரலெல்லாம் பதற்றத்தில் விறைத்துவிட்டது. மூச்சு விட்டால் ஊளை வரும் என்ற பயத்தில் நிறுத்தாமல் ஊதினேன். மாதா பாட்டில் அத்தனை நோட்டு கிடையாது.

கீழே மிக்ஸரிலிருந்து அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "கையை எடு, மைக்கைப் பொத்தாதே" என்று அர்த்தம். அவருக்கு ஊளைக்கு மருந்து அதுதான். பாடுகிறவர்கள் ஸ்டைலுக்காக மைக்கின் தலையைப் பொத்திப் பிடித்தால் ஊளை வருவது நிஜம். 1966 முதல் மேடைகளில் புழங்கும் எஸ்எம்58 போன்ற மைக்குகள் பின்பக்கத்துச் சத்தத்தை வாங்காமல் இருப்பதே தலைக்கு அடியில் இருக்கும் வழிகளால்தான். அதை அடைத்தால் நாலு பக்கமும் கேட்கும் மைக்காகிவிடும். அவர் தம் தொழில் அறிவிலிருந்துதான் கையை விரித்தார். என் தொழிலோ கையைப் பொத்துவது. பொத்தினால்தான் அறைக்குள் அடைபட்ட காற்று மாதிரி மைக்கை அமுக்கி, மேல் சத்தத்தை வெட்டி, நடு சத்தத்தைத் தடிக்க வைக்கும். எனக்கு அது உயிர், அவருக்கு அது குற்றம். அவர் விரிக்க விரிக்க நான் இன்னும் இறுக்கிப் பொத்தினேன். இரண்டாவது சரணத்தில் அவர் என் சானலை அப்படியே இறக்கிவிட்டார். மீதிப் பாட்டுக்கு ஊமைப் படத்தில் நடித்துவிட்டு இறங்கினேன். முதல் வரிசையில் ஜெபமாலையோடு இருந்த ஒரு பாட்டி காதிலிருந்து விரலை எடுத்தார்.

குழாய்

இரண்டாவது பாட்டுக்கு முன்னால் மூன்று பாட்டு இடைவெளி. நான் மேடைக்குப் பின்னால், பலகையைச் சுருட்டிக் கட்டி, பைக்கில் ஏறிவிடலாமா என்று நின்றுகொண்டிருந்தேன். அங்கே ஒரு மேசையில் அறிவிப்பு செட் இருந்தது. மேடைக்குச் சம்பந்தமில்லாத தனி செட்: ஒரு பழைய அகுஜா ஆம்ப்ளிஃபயர், நாலே நாலு குழாய் ஸ்பீக்கர். கூம்புக் குழாய்க்குப் போலீஸ் கெடுபிடி வந்த பிறகு இசைக்கு எல்லாம் பெட்டி ஸ்பீக்கர்தான், குழாய் அறிவிப்புக்கு மட்டும். ஒன்று கோயில் பக்கம், ஒன்று குருசடி முக்கில், இரண்டு கடற்கரையில் வள்ளங்கள் ஏற்றி வைத்திருக்கும் இடத்தில். திடீரென்று ஒரு பெண் அழுதுகொண்டு வந்தார். மூன்று வயதுப் பிள்ளையைக் காணவில்லை. கமிட்டிப் பையன் அறிவிப்பு மைக்கை எடுத்தான். சுவிட்சைப் போட்டான், தட்டினான், ஊதினான். ஒன்றும் இல்லை. கழுத்துப் பக்கம் வயர் அறுந்து கிடந்தது. கேட்டீர்களா, அதுதான் உண்மையிலேயே கேடான மைக்.

அண்ணாச்சி ஓடி வந்தார். மேடை மைக்கெல்லாம் மூன்று கால் பின், இந்த அகுஜாவின் துளையோ ஜாக். சுற்றிப் பார்த்தார். என் கையில் ஜாக் பின்னோடு பச்சை மாங்காய். பேசாமல் வாங்கி மைக் துளையில் குத்தி, "அலோ" என்றார். சவுண்ட் செக்கில் கேட்ட அதே பாய்ச்சுருட்டல். அந்தத் துளையும் சில ஆயிரம் ஓம்தான். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பலகையை மேசையில் வைத்தேன். "பெட்டி வழியா வந்து ஆக்ஸ்ல குத்துங்க அண்ணாச்சி" என்றேன். ஆக்ஸ் என்றால் பாட்டுப் பெட்டி மாதிரி வேறு சாமான்களை இணைக்கும் துளை. எப்படித் தோன்றியதோ தெரியாது, அவருக்கு நான் சொல்லிக் கொடுத்தது அந்த ஒரு வரிதான். ஓவர்டிரைவை ஏறக்குறைய மூடிவிட்டு, சத்தத்தைத் தூக்குவதற்கு மட்டும் வைத்துக்கொண்டோம். அவர் மறுபடி "அலோ" என்றார்.

கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது அந்த அலோ. "மஞ்ச சட்ட, நீல நிக்கர், மூணு வயசுப் பிள்ள. கண்டவங்க மேடைக்குப் பொறகால கொண்டு வரணும்." ஒவ்வொரு எழுத்தும் செதுக்கினதுபோல. பெட்டி ஸ்பீக்கரில் வரும் அழகு இல்லை. அடிச்சத்தம் இல்லை, மினுக்கம் இல்லை. ஆனால் பலூன் கடை, பாத்திரக்கடை, ஜெனரேட்டர், அலை எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் குரல் நடந்து போனது. பேச்சில் மெய்யெழுத்துகள் பிரிந்து கேட்பது ஓராயிரத்திலிருந்து நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரைக்குள்ளேதான், அந்த மைக்கும் குழாயும் வைத்திருந்ததெல்லாம் அந்த நடுத்துண்டுதான். பிள்ளை பஞ்சுமிட்டாய்க்காரரின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததாம், ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. அண்ணாச்சி மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அனவுன்ஸ்மென்ட் மைக்குல்லா!" என்றார்.

அவர் சொன்னது சரி. பச்சை புல்லட் 1949-இல் முதன்முதலில் வந்தபோது அதைச் செய்தவர்கள் மனதில் மவுத் ஆர்கன் இல்லை. அறிவிப்புக்கும் வயர்லெஸ் பேச்சுக்கும் செய்த மைக் அது. வாசிப்பவர்கள்தான் அப்புறம் எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டார்கள். இது எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததை என் ஊரோடு சேர்த்துப் பார்க்கவில்லை. சிகாகோ சத்தம் என்று நான் காசு கொடுத்துத் தேடியதில் பாதி, சின்ன வயதில் அதிகாலை நாலரைக்குத் தென்னை மரத்துக் குழாயிலிருந்து வந்து என்னை எழுப்பிய சத்தம். அதை இரைச்சல் என்று தலையணையால் காதை மூடிக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

மணி ஒன்பதரை தாண்டிவிட்டது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. கமிட்டிக்காரர் வாட்ச்சைத் தட்டிக் காட்டினார். அண்ணாச்சி, "நீங்க மேல ஏறாண்டாம். இங்கயே நில்லுங்க. குழாய்ல ஊதுங்க" என்றார். அப்படித்தான் மேடைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என் இரண்டாவது பாட்டை வாசித்தேன். அண்ணாச்சி ஓவர்டிரைவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொன்னார். சவுண்ட் செக்கில் ராவிய அரம் இல்லை. குழாய்க்குக் கூர்மையான சத்தம் தரவே தெரியாது, கிளைகளை அதுவே வெட்டிவிட்டது. எல்லாக் குழாய்களும் எனக்கு முதுகு காட்டித் தூரத்தில் இருந்ததால் ஊளையும் இல்லை. முதல் வரி ஊதி நிறுத்தினேன். மவுனம். சின்னதாக இடைவெளி விட்டு, கடற்கரையிலிருந்து என் வரி எனக்குத் திரும்பி வந்தது. நூற்றி இருபது மீட்டர் தூரத்துக் குழாய் என்றால் சத்தம் நடந்து வர ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். சுமார் 350 மில்லி வினாடி. என் டிலே பெடலை நான் மூன்று மாதமாகத் திருகித் திருகி வைத்திருந்த அளவும் கிட்டத்தட்ட அதேதான். குனிந்து டிலேயை அணைத்தேன். ரிவெர்ப்பையும் அணைத்தேன்.

நன்றாக வந்ததா என்றால், பொய் சொல்ல மாட்டேன். மேடைக்கு முன்னால் இருந்தவர்களுக்குப் பாட்டு ஒரு பக்கமும் மவுத் ஆர்கன் அரைத்தாளம் தாமதமாக வேறொரு பக்கமும் கேட்டிருக்கிறது. டிரம்மர் இறங்கி வந்து, "அண்ணே, நீங்க எந்தத் தாளத்துல இருந்தீங்க?" என்று கேட்டான். மச்சினன் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. மறுநாள் வெயில் தாழ்ந்ததும் விட்டுப்போன அடாப்டரை எடுக்க அங்கே போனேன். வள்ளம் ஏற்றி வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சாயாக் கடையில், வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். "நேத்து ராத்திரி குழாய்ல எவனோ ஊதினானே, நல்ல அழுகை அழுதான் கேட்டியா." நான் சாயாவைக் குடித்துவிட்டு, அது நான்தான் என்று சொல்லாமல் வந்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று வீட்டில் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

இப்போதைய பலகை

இப்போது ரிவெர்ப் பெடல் என் மகனின் கிட்டாரோடு இருக்கிறது. என் பலகையில் முதலில் உள்ளே ஒரு மெகா ஓம் இருக்கிற பெடல். அது அணைந்தாலும் மைக்கைத் தனியாக விடாத பஃபர் வகை. பழைய ஓவர்டிரைவ் அணைத்தால் மைக்கை நேரே அடுத்த பெட்டிக்குத் தள்ளிவிடும் வகை. அடுத்தது எதுவோ அதன் கருணையில்தான் சத்தம். அதற்கு அடுத்து ஜோயோ அமெரிக்கன் சவுண்ட், பழைய ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர் மாதிரி நடிக்கிறது, ட்வீட்டர் வண்டைக் கொல்கிறது. பிறகு டிலே, ரொம்பக் குறைவாக. கடைசியில் டிஐ பாக்ஸ். இதை நான் முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும். பெடலின் சத்தத்தை மைக் துளைக்கு ஏற்ற மாதிரி இறக்கி, இரட்டைக் கம்பியில் எதிரெதிராக அனுப்புவதால் இருபது முப்பது மீட்டர் போனாலும் சீரியல் லைட்டின் ஙீ ஒட்டாது. அப்படியும் ஒட்டினால் அதன் பக்கவாட்டில் எர்த்தைத் துண்டிக்கும் சுவிட்சு இருக்கிறது, ஜெனரேட்டர் ஊர்களில் பத்துக்கு எட்டு முறை அதைத் தட்ட வேண்டியிருக்கும். அடாப்டரை நம்புவதில்லை, 9 வோல்ட் பேட்டரிதான். மானிட்டரில் என் சத்தம் வேண்டவே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்பதைக் கேட்டுக்கொண்டால் போதும்.

இத்தனை செய்தும் அன்றைய குழாய்ச் சத்தம் வரவில்லை. பழைய இரும்புக்கடையில் ஒரு குழாய் வாங்கி வீட்டு மாடியில் வைத்தும் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாயும் என் மாமியாரும் ஒரே நேரத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அது இப்போது துளசிக்குத் தொட்டி. வாயகன்ற பக்கம் மேலே.

போன டிசம்பரில் நாகர்கோவிலில் ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. சவுண்ட் அதே அண்ணாச்சி. தலை முழுக்க நரைத்துவிட்டது, மிக்ஸர் மட்டும் புதுசு. டிஐ பாக்ஸை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு தடவை குலுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மாட்டினார். சவுண்ட் செக்கில் அவர் பக்கமாக நடந்தபோது மிக்ஸருக்கு அடியில் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பைப் பார்த்தேன். ஸ்கெட்ச் பேனாவால் வரிசையாக எழுதியிருந்தார்: பேஸ், கீஸ், லீட், தபேலா, கேடு. நான் மேடை ஏறினேன். மானிட்டரில் அவர் குரல் வந்தது.

"கேடு, கொஞ்சம் ஊதுங்க தம்பி."